தானாகப் புதுப்பிக்கப்பட்டது

ராத்திரி ரெண்டு பத்துக்கு
போன் ஒரு தரம் துடித்து அடங்கியது.
கரன்ட் போய் வந்த நேரம்,
கொசுவத்தி பாதியில் அணைந்திருந்தது.
‘உங்கள் கணக்கிலிருந்து ரூ. 2,899.
நன்றி. உங்கள் கணினி
இன்னும் ஓராண்டு பத்திரம்.’

எந்தக் கணினி?

எர்ணாவூர் கேட் பக்கம் நான் வைத்திருந்த
டைப்பிங் கடையில் இருந்ததே, அதுவா?
போன மழைக்கு முந்தின மழையில்
இடுப்பளவு தண்ணீர்,
தண்ணீருக்கு மேல் ஆயில்.
வடிந்து ஒரு மாதம் ஆகியும்
சுவரில் கறுப்புக் கோடு போகவில்லை.
கீபோர்டைக் கவிழ்த்தேன், சொட்டியது.
தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிய ‘ழ’ மேல்
ஒரு நத்தை.

பஷீர் பாய் காயலான் கடைத் தராசில்
ஆறே முக்கால் கிலோ.
“ஒயரெல்லாம் ஈரம், கழிச்சுக்கிறேம்மா.”
இருநூற்றிப் பத்து ரூபாய் தந்தார்.
அரிசி வாங்கினேன், ஒரு டார்ச் லைட்டும்.

அதற்குத்தான்
வைரஸ் அண்டாமல் காவல் நிற்கிறார்களாம்.

டில்லிபாபு போட்டுக் கொடுத்தது.
“மொத வருசம் தொண்ணூத்தொம்போது ரூபாதாங்க்கா,
கார்டு நம்பர் கேக்குது, சும்மா ஒரு இதுக்கு.”
கட்டத்துக்குள் டிக் ஏற்கெனவே இருந்தது.
நான் போடவில்லை. அவனும் போடவில்லை.
தலையெழுத்து மாதிரி
அதுவாகவே வந்திருந்தது.

மீட்டர் வட்டி மரியதாஸ் கூட
கதவைத் தட்டித்தான் கேட்பார்.
முனையில் அவர் வண்டி இருமினால்
விளக்கை அணைத்து மூச்சடக்க
எனக்கு அரை நிமிஷம் கிடைக்கும்.
திட்டுவார். நானும் திட்டுவேன்,
பக்கத்து வீட்டு வரலட்சுமி வெளியே வந்து
யார் பக்கம் என்று தெரியாமல் அவளும் திட்டுவாள்.
பிள்ளைக்கு ஜுரம் என்றால்
“சரி, திங்கக்கெழம” என்று
நோட்டில் குறித்துக்கொண்டு போவார்.

இவனுக்கு என் தெரு தெரியாது.
தூங்கும்போது வந்து
தலையணைக்கு அடியில் கையை விட்டு
எடுத்துக்கொண்டு
நன்றி என்கிறான்.

காலையில் போன் போட்டேன்.
நாற்பது நிமிஷம் புல்லாங்குழல்.
அப்புறம் ஒரு பெண், குரல் முழுக்கத் தூக்கம்.
“ரத்து பண்ணணும்னா மேடம்,
பதிவு பண்ண அந்தக் கணினியிலதான் லாகின் பண்ணணும்.”
“அத்த எடைக்குப் போட்டாச்சும்மா.”
“அப்ப உங்களுக்குப் பாதுகாப்பு இல்லாம போயிடுமே மேடம்?”
சிரித்துவிட்டேன்.
அவளுக்கும் வந்திருக்க வேண்டும்,
அழைப்பு பதிவாகிறதே என்று
இருமலாக மாற்றிக்கொண்டாள்.

பாங்கில் கேட்டேன்.
ஒப்புதல் நீங்க குடுத்ததுதானே என்றார்கள்.

பஷீர் பாய் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்,
நிமிரவில்லை.
“அதுவா? தகரம் ஒரு லோடு சேர்ந்துச்சு,
கும்மிடிப்பூண்டி உலைக்கு ஏத்தி அனுப்பியாச்சு.
இந்நேரம் கம்பியாயிருக்கும்.”

மணலி ரோட்டில் பஸ் ஊர்ந்தது.
டேங்கர் லாரிகளுக்குப் பின்னால்
அரைகுறையாய் நிற்கும் வீடுகள்.
தூண் உச்சியில் எல்லாம்
அடுத்த மாடிக்குப் பணம் சேரும் வரை
நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள்,
சிலவற்றில் காக்கை, ஒன்றில்
கண்ணேறு படாமலிருக்கத் தொங்கவிட்ட பூசணிக்காய்.

இதில் எதிலோ ஒரு ஜாண் என்னுடையது.
வீட்டுக்காரர் யாரோ,
கடன் வாங்கித்தான் கட்டியிருப்பார்.
மழை வந்தால் ஆயில் தண்ணீர் ஏறும்.
மரியதாஸ் மாதிரி யாராவது வண்டியில் வருவார்கள்.
அதற்கெல்லாம் நான் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தூணுக்கு வைரஸ் மட்டும் வராது.
வருஷா வருஷம் நான் கட்டுகிறேன்.